கல்லும் சிலையும்
சோழமண்டலம் சிற்பத் தோட்டத்தை முன்வைத்து

பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் தொடங்கிய விமானம் கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடியும் பறக்கத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் கப்பல் விடப்பட்டது. இவற்றுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய்வருகிறவர்களின் தொகை பெருகிவிட்டது. கல்யாணப் புடவைக்குத் தியாகராய நகர், வருத்தக்காரரோடு போனால் ஆஸ்பத்திரி, நம்மவர்களானால் நாகூருக்கு ஒரு நடை. நாள் மிஞ்சினால் மாமல்லபுரம். மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் என்ற இடம் வரும். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. வேன்கள் அதில் நிற்பதில்லை. எம்மவர் யாரும் அதைப் பற்றி எழுதி நான் வாசித்ததுமில்லை. இரண்டு தடவை அங்கே போய், இரண்டாம் தடவை ஒரு பகல் முழுவதும் இருந்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். ஓவியத்திலோ சிற்பத்திலோ எனக்குப் பயிற்சி கிடையாது. ஆசிரிய கலாசாலையில் சித்திர பாடத்தின் வரலாறு என்று படித்தது பொலநறுவையோடும் மைக்கல் ஆஞ்சலோவோடும் முடிந்துவிட்டது.

"சிலை பார்க்கவா நானா போனீங்க?" என்று ஊருக்கு வந்தபின் ஒரு நண்பர் கேட்டார். பகிடிக்குக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு சிக்கல் கிடக்கிறது. கும்பிடப்படும் விக்கிரகமும் சிலை. சந்தியில் நிற்கும் அரசியல்வாதியும் சிலை. யாரையும் குறிக்காமல், எதையும் கேட்காமல் புல்லின்மேல் நிற்கும் ஒரு கல்லும் எம் பேச்சில் சிலைதான். சிற்பம் என்ற சொல் எழுத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. சொல் ஒன்றாய்ப் போனதால் பார்வையும் ஒன்றாய்ப் போய்விட்டது என்பதே என் எண்ணம்.

முதலில் இந்த இடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல் இந்திய அதிபராக இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1959இல் மெரினாவில் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1957இல் அவருக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து வெளியேறும் பிள்ளைகள் கலையால் சீவிக்க முடியாமல் ஏதோ ஓர் உத்தியோகத்துக்குப் போய் முடங்கிவிடுவது அவரை உறுத்தியது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பத்திக் துணி, கைப்பணிப் பொருட்கள் என்று செய்து விற்றார்கள். சேர்ந்த காசில் 1966இல் நகருக்கு வெளியே கடற்கரை மணலில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அரசாங்கத்தின் கையையோ தனவந்தரின் தயவையோ எதிர்பாராமல் கலைஞர்களே கட்டி, தாங்களே நடத்தி, இன்றைக்கும் நிலைத்திருக்கும் ஊர் என்பதுதான் சோழமண்டலத்தின் முதற்பெருமை. பணிக்கர் 1977இல் காலமானார். அவருடைய மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் 2017இல் இறக்கும்வரை அந்த இடத்தோடேயே இருந்தவர். சென்னை இயக்கம் என்று சொல்லப்படும் தலைமுறையின் ஓவியங்களையும் சிற்பங்களையும் கொண்ட நூதனசாலை 2009இல் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த நிலத்தில் சிற்பத் தோட்டம். இந்தியச் சிற்பிகளோடு வெளிநாட்டவர் சிலரின் வேலைகளும் அங்கே நிற்கின்றன.

பலரும் நூதனசாலையை முதலில் பார்த்துவிட்டு, களைத்துப்போய்த் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் சொல்வேன், தோட்டத்தை முதலில் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு வழக்கு இருக்கிறது. அது அப்போதுதான் தெரியும்.

தோட்டத்தில் கூடுதலாகக் கண்ணிற்படுவது கருங்கல். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் பிள்ளையாராகவும் புத்தராகவும் மாறுகின்ற அதே இனக் கல். ஆனால் இங்கே கல் கல்லாகவே இருக்க விடப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் கண்ணாடிபோல மினுக்கப்பட்டிருக்கும். மறுபக்கம் மலையிலிருந்து பிளந்த சொரசொரப்பு அப்படியே இருக்கும். பிளப்பதற்காக வரிசையாக அடித்த துளைகளின் அரைவட்டத் தடங்கள் ஓரத்தில் பல்வரிசைபோலத் தெரியும். அவற்றை அழித்துவிடுவது உளிக்காரனுக்குக் கடினமான காரியமல்ல. அழிக்காமல் விட்டிருப்பது ஒரு தீர்மானம். இந்தக் கல் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதும் சிற்பத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சில வேலைகளில் நடுவே ஒரு துவாரம். அதனூடாகப் பார்த்தால் அப்பால் நிற்கும் மரமும், போகிற வருகிற ஆட்களும் துவாரத்துக்குள் வந்து போகிறார்கள். கல்லைக் குடைந்து எடுத்த இடம்தான் அங்கே செய்யப்பட்ட பொருள். மிச்சக் கல் அதற்குச் சட்டம். இல்லாததை ஒருவன் செய்து வைக்க முடியும் என்பதை எனக்கு முதன்முதலாகக் காட்டித் தந்தது அந்தத் துவாரம்தான்.

இன்னொன்று, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'முன்பக்கம்' என்று ஒன்று கிடையாது. சுற்றி நடக்கவேண்டும். காலை பத்து மணிக்கு மொட்டையாகத் தெரிந்த ஒரு கல், பின்னேரச் சாய்வெயிலில் நடுவே ஒரு பள்ளத்தைக் காட்டுகிறது. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது. கல்லில் காகம் எச்சமிடுகிறது. சருகு விழுந்து கிடக்கிறது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். தொடக்கூடாத பொருளுக்குரிய மரியாதையை இக்கற்கள் கேட்கவில்லை. நின்று பார்க்கிற பொறுமையை மாத்திரம் கேட்கின்றன. எல்லாமே நல்ல வேலைகள் என்று சொல்லமாட்டேன். விமான நிலையத்தின் முன்றலுக்கென்று செய்ததுபோல, வழுவழுப்பாக வளைந்து 'நவீனம்' காட்டுவதோடு முடிந்துபோகிற சிலவும் அங்குண்டு. ஆனால் மோசமானதும் மாலை கேட்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இனி நூதனசாலைக்குள் போவோம். அங்கே சிற்பத்துறையில் இத்தலைமுறையின் பேர்பெற்ற பங்களிப்பு உலோகத் தகட்டு வேலை. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை முன்னும் பின்னும் தட்டி உருவம் எழுப்பி, அதன்மேல் கம்பிகளையும் துண்டுகளையும் ஒட்டி அணி செய்தவர். பிள்ளையாரையும் செய்தார், கிறிஸ்துவையும் செய்தார். இரண்டிலும் அதே கைவேலைதான். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் ஒட்டிப் புராணப் பாத்திரங்களை ஏறக்குறைய வரைபடம்போலக் காற்றில் நிறுத்தியவர். கைத்திறன் என்று பார்த்தால் அசாதாரணமானவை. கன்னாரும் தட்டாரும் செய்துவந்த வேலையை நவீன கலையின் கூடத்துக்குள் தலைநிமிர்ந்து நுழைய வைத்தவை. ஐரோப்பாவைப் பார்த்துப் பிரதிபண்ணாமல் எங்கள் மண்ணிலிருந்தே நவீனத்தைக் கண்டெடுப்போம் என்ற பணிக்கரின் ஆசைக்கு இவை நேரடியான பதில்.

இங்கேதான் எனக்கு விமர்சனமும் இருக்கிறது. இவை எல்லாம் முகம் பார்த்து நிற்பவை. பின்னால் போனால் தகட்டின் முதுகுதான். கோயிலில் மூர்த்திக்குச் சாத்தும் கவசம் எப்படி முன்னின்று பார்ப்பவனுக்காகச் செய்யப்பட்டதோ அப்படி. இதைக் குறையாக அல்ல, கோட்பாடாகவே அவர்களும் விளக்குவோரும் சொல்லிவந்திருக்கிறார்கள். மரபுச் சிற்பத்தின் முன்னோக்கிய நிலை என்று. சரி. ஆனால் முன்னோக்கிய சிற்பம் பார்ப்பவனுக்கும் ஓர் இடத்தை ஒதுக்கிவிடுகிறது. அது நேர் முன்னே, கொஞ்சம் தாழ, அசையாமல் நிற்கும் இடம். அதாவது வணங்குபவனின் இடம். சிற்பி அதை வணக்கத்துக்காகச் செய்யவில்லை. விற்பனைக்கும் காட்சிக்கும்தான் செய்தார். ஆயினும் நிற்கச் சொல்லும் இடம் மாறவில்லை. அதே வளவில், சில யார் தூரத்தில், புல்லின்மேல் நிற்கும் கல் என்னைச் சுற்றி நடக்கச் சொல்கிறது. ஒரு பொருளைச் சுற்றி நடந்து மனத்தை ஒருமுகப்படுத்துவது எங்களுக்குப் புதிய அனுபவமல்ல. அந்த உவமையை இதற்குமேல் நீட்டுவது ஒழுங்கல்ல, விட்டுவிடுகிறேன்.

மரபு என்ற சொல்லை இந்தத் தலைமுறை எங்கே தேடியது என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது. சோழர் வெண்கலம், கிராம தெய்வம், தாந்திரிகக் கோலம், பழங்குடியினரின் வரைவு, ஓலைச்சுவடி, சாதகக் குறிப்பு. எல்லாம் நல்ல ஊற்றுகள்தாம். ஆனால் அந்தக் கடற்கரையில் ஆயிரம் வருடங்களாகத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் வாழ்ந்துவருகிறார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்லில் வேலைசெய்து பள்ளிவாசல் எழுப்பியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சிற்பிகளின் உளி திராவிடத் தூணில் உருவங்களைத் தவிர்த்துவிட்டுப் பூவும் கொடியும் கோணமும் செதுக்கிய அந்தத் தூண்களைவிட, உருவமற்ற நவீன சிற்பத்துக்கு நெருக்கமான உள்ளூர் முன்மாதிரி வேறென்ன இருக்கிறது? அந்த ஊற்றின் பக்கம் யாரும் போனதாகச் சோழமண்டலத்துச் சுவர்களில் எனக்குத் தெரியவில்லை. வேண்டுமென்று ஒதுக்கினார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. 'நம் மரபு' என்று சொன்னவுடன் கை தன்னிச்சையாகக் கோயில் பக்கம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். கை தன்னிச்சையாக எங்கே நீள்கிறது என்று பார்ப்பது விமர்சகனின் வேலை.

ஆனாலும் அங்கே ஒரு முஸ்லிம் இருந்தார். ஜே. சுல்தான் அலி. 1920இல் பம்பாயில் பிறந்து, சென்னையில் கலை பயின்று, பின்னாளில் சோழமண்டலத்தில் குடியிருந்து 1990இல் மறைந்தவர். சிற்பியல்ல, ஓவியர். காளை, நாகம், தாய்த்தெய்வம் என்று பழங்குடி மக்களின் உலகத்திலிருந்து உருவங்களை எடுத்துக் கனத்த கோட்டில் வரைந்தவர். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம், முஸ்லிம்களின் கலைப்பணி என்று மாநாட்டு மலர்களில் பட்டியல் போடுகிற நாம் இவரைச் சேர்த்ததில்லை. பெயர் தெரியாமை ஒரு காரணம். தெரிந்திருந்தாலும் நாகத்தையும் தெய்வத்தையும் வரைந்தவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கியிருப்போம். என்னை அவருடைய படங்களில் நிறுத்தியது உருவங்களல்ல; அவற்றைச் சுற்றி ஓடுகிற எழுத்துப்போன்ற வரிகள். பணிக்கரும் 1960களில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் இப்படித்தான் வாசிக்க முடியாத எழுத்தைத் திரையெல்லாம் பரப்பினார். விமர்சகர்கள் இதற்குப் பெரிய விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். குர்ஆன் மதரஸாவில் உட்கார்ந்த ஒரு பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. பொருள் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே எழுத்தை வடிவமாகவும் ஓசையாகவும் கண்டவர்கள் நாங்கள். லாமின் வளைவும் நூனின் கிண்ணமும் புள்ளியும் முதலில் எங்களுக்குச் சித்திரங்கள். வாசிக்க முடியாத எழுத்தின் முன் நிற்கத் தெரிந்தவன், பெயர் சொல்ல முடியாத வடிவத்தின் முன்னும் நிற்கலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்ற கேள்வியை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமல்ல. ஆனால் தெரிந்ததை அடுக்கிவைக்கலாம். இப்றாஹீம் நபி சிலைகளை உடைத்த வரலாறு எமக்கெல்லாம் மனப்பாடம். சுலைமான் நபிக்காக ஜின்கள் செய்து கொடுத்தவற்றில் உருவச் சிலைகளும் அடங்கும் என்பதை ஸபஃ அத்தியாயத்தில் ஓதிக்கொண்டே தாண்டிப் போகிறோம். உருவம் சமைப்பவர்கள் அதற்கு உயிர் கொடுக்கும்படி மறுமையில் கேட்கப்படுவார்கள் என்ற ஹதீஸ் உறுதியானது. அதைச் சொல்லிக்காட்டிய இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களே, பிழைப்புக்கு இதைத்தவிர வழியில்லை என்று வந்தவரிடம், மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று வழிகாட்டியதும் ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. தொழிலை விடு என்று சொல்லாமல் தொழிலின் திசையை மாற்றிவிட்டார் என்பதே நான் அதில் காண்பது. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் அப்துஹு, சிசிலித் தீவிலிருந்த கலைச் சேகரங்களைப் பார்த்தபின், வணங்கும் அபாயம் நீங்கிய இடத்தில் உருவங்கள் அறிவுக்குப் பயன்படும் என்று எழுதினார். அது கருத்து வேறுபாடுள்ள இடம். நான் அதில் நுழையவில்லை. என் வாதத்துக்கு இப்னு அப்பாஸ் காட்டிய திசையே போதும்.

இந்தத் திசையில் ஒரு நகரமே நடந்து காட்டியிருக்கிறது. உம்றாவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகும் நாங்கள் எல்லோரும் இறங்குகின்ற ஜித்தாதான் அது. 1970களில் அதன் நகரபிதாவாக இருந்த முஹம்மத் சஈத் பார்ஸி, கடற்கரை வீதியோரமாகவும் சுற்றுவட்டங்களிலும் நவீன சிற்பங்களை நிறுத்தினார். ஹென்றி மூர், மிரோ, கால்டர், ஆர்ப் போன்ற இருபதாம் நூற்றாண்டின் பெரிய கைகள் செய்தவை அவற்றில் உள்ளன. உயிருள்ளவற்றின் முழு உருவம் வேண்டாம் என்பதே நிபந்தனை. அந்த நிபந்தனை அங்கே கலையைக் குறுக்கவில்லை. உருவத்தை விட்டுவிட்டு வடிவத்தோடு மட்டும் வேலைசெய்துகொண்டிருந்த ஒரு தலைமுறையோடு அது தற்செயலாகக் கைகுலுக்கிக்கொண்டது. பின்னர் 2010களில் அவற்றில் ஒரு தொகுதியைத் திருத்திச் சுத்தஞ்செய்து கடலோரத்தில் திறந்தவெளி நூதனசாலையாகவே வைத்தார்கள். மக்காவுக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது. எங்கள் ஹாஜிமார் பேரீச்சம்பழமும் ஸம்ஸமும் கொண்டுவருகிறார்கள். இதைப் பற்றிய ஒரு பேச்சும் கூட வருவதில்லை.

இனி எங்கள் குடாநாட்டுக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டுக்காகத்தான் இவ்வளவு சுற்றினேன்.

யாழ்ப்பாணத்தில் கருங்கல் கிடையாது. எங்கள் தரை சுண்ணாம்புக்கல். கோயில்களுக்கான கல் விக்கிரகங்கள் அக்கரையிலிருந்து வந்தன. சந்திச் சிலைகளுக்குப் பொருளாக வந்தது சீமெந்து. எங்கள் சுண்ணாம்புக்கல்லை அரைத்து 1950இலிருந்து காங்கேசன்துறையில் சீமெந்து செய்தார்கள். 1990இல் போரோடு அத்தொழிற்சாலை நின்றது. ஆகவே இங்கே சிற்பம் என்பது பெரும்பாலும் கம்பி கட்டி, சீமெந்து பூசி, மேலே எனாமல் அல்லது வெண்கலநிறப் பெயின்ற் அடிப்பது. சீமெந்து நல்ல பொருள்தான். கேரளத்து மலம்புழா அணைக்கட்டுத் தோட்டத்தில் 1969இல் பணிக்கரின் மாணவரான கானாயி குஞ்ஞிராமன் எழுப்பிய பிரமாண்டமான யக்ஷியும் கொங்கிறீற்தான். ஆனால் அவர் அதைக் கொங்கிறீற்றாகவே விட்டார். நாங்கள் சீமெந்தை வெண்கலம்போல நடிக்க வைக்கிறோம். கைத்தடி, தலைப்பாகை, வாள், புத்தகம் என்று ஒரு பொருளைக் கையில் கொடுத்து ஆளை அடையாளங்காட்டுகிறோம். பிறகு வருடத்துக்கு ஒரு மாலை.

மாலை போடுகிற இடத்துக்கு ஒரு நாள் சுத்தியலும் வரும். முத்திரைச்சந்தியில் 1974இல் வைத்த சங்கிலியன் சிலை 2011இல் அகற்றப்பட்டுப் புதிதொன்று வைக்கப்பட்டபோது பழையதன் உருவம் மாற்றப்பட்டுவிட்டது என்று சர்ச்சை எழுந்தது. நல்லூரில் திலீபன் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. பல்கலைக்கழக வளவிலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னம் 2021 ஜனவரி 8ஆந் திகதி இரவு இடிக்கப்பட்டு, மாணவர்களின் போராட்டத்தால் அதே வருடம் மீண்டும் எழுந்தது. சென்னையிலும் இதே கதைதான். மெரினாவில் 1968இல் வைத்த கண்ணகி 2001 டிசெம்பரில் காணாமற்போய் 2006இல் திரும்பிவந்தாள். சிலைக்கு இரண்டே விதிதான். ஒன்றில் அபிஷேகம், அல்லது இடிப்பு. இரண்டுமே சிலையை ஆளாக நம்புவதன் விளைவு. இடிக்கிறவனும் ஒருவகையில் பக்தன்தான்.

நவீன சிற்பமொழி எங்கள் பக்கம் வராமலுமில்லை. அது இராணுவ வாகனத்தில் வந்தது. ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் வருகிறவர்கள் கிளிநொச்சியில் ஒரு பெரிய கொங்கிறீற் கனசதுரத்தைப் பார்க்கலாம். ஓர் எறிகணை அதைத் துளைத்து வெடிப்புண்டாக்கியிருக்க, மேலே தாமரை பூத்திருக்கும். ஆனையிறவில் பல கைகள் சேர்ந்து இலங்கைப் படத்தை ஏந்தி நிற்கும். கனசதுரம், வெடிப்பு, எறிகணை என்று சொல்லிக் கேட்டால் தோட்டத்தில் நிற்கவேண்டிய ஒரு வேலைபோலத் தோன்றும். நேரில் பார்த்தால் ஒரு கணத்தில் முடிந்துவிடும். உறுதியான சுவர் யார், துளைத்தது யார், பூத்தது எது என்று விடைத்தாள் எழுதி ஒட்டியதுபோல எல்லாம் தீர்க்கப்பட்டிருக்கிறது. வடிவம் நவீனமாக இருந்தும் அதற்கும் முன்பக்கம் ஒன்றுதான். அதைச் சுற்றி நடந்தாலும் வேறொன்றும் தெரியாது. தென்னிலங்கையில் இதைவிட நல்ல முயற்சிகள் நடந்தன. காணாமலாக்கப்பட்ட எம்பிலிப்பிட்டிய மாணவர்களை மனதில் வைத்து ஜகத் வீரசிங்ஹ பத்தரமுல்லையில் 1999இல் அமைத்த அப்பாவிகளின் நினைவாலயம் அப்படியான ஒன்று. அது பத்துப் பதின்மூன்று வருடத்தில் நகர அழகுபடுத்தலுக்குப் பலியானது. அழகுபடுத்த நினைவை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது போலும்.

எங்களுக்கு, அதாவது 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு, குடாநாட்டில் ஒரு நினைவுச்சின்னம் இல்லை. ஒக்டோபர் வரும்போது கூட்டம் நடக்கும், அறிக்கை வரும், கவிதை வரும். ஒரு சின்னம் வைக்கவேண்டும் என்ற பேச்சும் இடையிடையே என் காதில் விழுவதுண்டு. சொல்லப்படுகிற யோசனைகளைக் கேட்டால் பயமாயிருக்கிறது. மூட்டையோடு நடந்துபோகும் ஒரு குடும்பம், சீமெந்தில். இல்லாவிட்டால் கறுப்பு மாபிள் பலகையில் பெயர்களும் திறந்துவைத்தவரின் பெயரும். பின்னையது பெரிய எழுத்தில். முதலாவதை வைத்தால் உருவமா என்று எங்களுக்குள்ளேயே பிரச்சினை கிளம்பும். அது நியாயமான பிரச்சினையும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக அது மற்றவர்களுடைய சிலைகளுக்குப் பக்கத்தில் எங்களுடைய சிலை என்று ஒரு போட்டிக்குள் போய் நிற்கும். மாலைக்கும் சுத்தியலுக்கும் இடையில் இன்னொன்று.

யாழ்ப்பாணத்திலேயே வேறு வழியில் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூல் இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த தங்கள் வீட்டு நிலப்படங்களை வைத்துச் செய்யப்பட்டது. அதில் ஓர் ஆளின் முகமும் தேவைப்படவில்லை. கதவு எந்தப் பக்கம், கிணறு எங்கே, மாமரம் எங்கே என்ற கோடுகளே போதுமாயிருந்தன. இதற்கு முன், 2004இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் நடந்த 'அகம் புறம்' காட்சியில் சாதாரண சனங்களிடம் சேகரித்த அன்றாடப் பொருட்களை அவர் காட்சிக்கு வைத்தார். அப்போது எங்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். அந்தச் சேகரிப்பில் எங்கள் வீட்டுப் பொருட்கள் எத்தனை இருந்திருக்கக் கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொண்டுபோகவும் விடவில்லை, விட்டுப்போனவையும் மிஞ்சவில்லை.

எங்கள் மையவாடிகளில் இருப்பதை நாங்கள் ஒருபோதும் சிற்பமாகப் பார்த்ததில்லை. தலைமாட்டில் ஒரு மீஸான் கட்டை, கால்மாட்டில் ஒன்று. சில ஊர்களில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. முகமில்லை, பீடமில்லை, பெரும்பாலும் பெயருமில்லை. நிற்கும் இரண்டுக்கும் நடுவே கிடக்கிற ஆறடி வெளிதான் அங்கே சொல்லப்படுகிற விஷயம். தோட்டத்தில் துவாரம் குடைந்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஐரோப்பிய நவீன கலையல்ல, இதுதான். இல்லாத ஒருவரை, அவரைப்போல ஒன்றைச் செய்து வைக்காமலே, இருக்கச் செய்யும் வித்தை எங்கள் கைவசம் இருக்கிறது. இறந்தவர்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

சோனகத் தெருப் பக்கம் திரும்பி வந்தவர்கள் 2009க்குப் பிறகு தங்கள் வளவுகளில் கண்டது கூரையும் யன்னலும் கதவும் நிலையும் களவுபோன சுவர்களை. பலருக்குச் சுவருமில்லை. ஆனால் வாசற்படி இருந்தது. சுண்ணாம்புக்கல்லில் வெட்டி, மேலே சீமெந்து பூசி, இரண்டு மூன்று தலைமுறையின் கால் தேய்த்த படிகள். தூக்கிக்கொண்டு போக லாயக்கற்றவை என்பதால் அவை தப்பின. வீடில்லாமல் புல்லுக்குள் தனியாகக் கிடந்த இந்தப் படிகள், எந்தச் சிற்பியும் தொடாமலே, நான் இவ்வளவு நேரம் சொன்ன அத்தனையும் ஆனவை. ஏறினால் எங்கும் போகாத மூன்று படி. அது யாருடைய வீட்டுப் படி என்பதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியாதவர்களும் அது படி என்பதை அறிவார்கள். மார்க்கத் தீர்ப்புக் கேட்க வேண்டியதில்லை. மாலை போட அதற்குக் கழுத்தில்லை.

இருபது முப்பது படிகளைச் சேர்த்து, ஒரு சிறு காணியில், எதையும் மினுக்காமல், பீடம் கட்டாமல், வீடுகள் பார்த்த அதே திசையைப் பார்க்க நிலத்தோடு பதித்து வைத்தால் போதும். காணி கொடுக்கக்கூடிய பள்ளிவாசல் நிர்வாகங்கள் உண்டு. அளவெடுத்துத் தர, பல்கலைக்கழக நுண்கலைப் பிள்ளைகள் கேட்டால் வருவார்கள். அவசரம் ஒன்றுதான். வீட்டுத்திட்டத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் பழைய அத்திவாரத்தை உடைக்கிறார்கள்; அவர்களைக் குறைசொல்ல முடியாது, குடியிருக்க வீடு வேண்டும். உடைத்த கல் றக்ரரில் ஏறி வீதிக்கும் பள்ளக்காணிக்கும் நிரப்பப் போகிறது. போன வாரமும் இரண்டு லோட் போனது.